பின்சுவரிலிருந்து தொடங்குங்கள்: கசென்தீனோ பள்ளத்தாக்கின் பழங்கோவில்களைப் பார்க்கும் முறை

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், 1,654 மீட்டர் உயர ஃபால்தெரோனா மலையில் ஆர்னோ ஆறு பிறக்கிறது. அங்கிருந்து அரெட்சோ நகரை நோக்கி அது இறங்கிவரும் மேல் பள்ளத்தாக்குதான் கசென்தீனோ. ஸ்தியா, பிராதோவெக்கியோ, பொப்பி, பிபியேனா, ரஸ்ஸீனா எனச் சிறு ஊர்கள், நடுவே வயலும் காடும். ஃபிளாரன்ஸ் வரை வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் கிராமப்புறத்தில் கிறிஸ்தவக் கோவில் கட்டியவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று கல்லைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் மத்திய இத்தாலியில் அதிகமில்லை.

இங்குள்ள முக்கியமான கோவில்கள் 'பியேவே' வகையைச் சேர்ந்தவை. இடைக்கால நாட்டுப்புறத்தில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) தரும் தொட்டி பியேவேயில் மட்டும்தான் இருக்கும். சுற்றுவட்டாரத்துச் சிற்றாலயங்களில் திருப்பலி (பூசை) நடக்கலாம். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவோ பத்திலொரு பங்குக் காணிக்கையைச் செலுத்தவோ இந்தத் தாய்க்கோவிலுக்குத்தான் வரவேண்டும். அதன் தலைமைக் குருவுக்குப் 'பியேவானோ' என்று பெயர். பல குடியிருப்புகளுக்குப் பொதுவான கோவில் என்பதால் அதைக் கோட்டைக்குள்ளேயோ ஒரே ஊரின் நடுவிலேயோ வைக்காமல் எல்லாரும் நடந்து வரக்கூடிய பழைய சாலையோரத்தில் கட்டினார்கள். பிராதோவெக்கியோ அருகேயுள்ள ரோமேனா பியேவே வயல்வெளியில் தனித்து நிற்பதற்கும் இதுதான் காரணம். ஊர்ச் சதுக்கத்தில் போய்த் தேடினால் பல பியேவேக்கள் கிடைக்காது. ஆற்றைக் கடக்கும் இடம், பழைய சாலைச் சந்திப்பு, மலையடிவாரம் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டு தேடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

ஒரு டார்ச், 5 மீட்டர் அளவுநாடா, திசைகாட்டி, 8 மடங்கு பெருக்கும் சிறிய பைனாகுலர், கோடு போடாத நோட்டு, பென்சில். டார்ச்சின் ஒளிக்கற்றை குறுகலாக இருக்கவேண்டும். பரந்து விழும் ஒளி இங்கே உதவாது. உள்விளக்குக்குக் காசு போடும் பெட்டி சில கோவில்களில் இருக்கும், அதற்கு 50 சென்ட், 1 யூரோ, 2 யூரோ நாணயங்கள் சிலவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பணநோட்டை மாற்றிச் சில்லறை தர அங்கே ஆள் இருக்கமாட்டார். தோளும் முழங்காலும் மறைந்திருக்கவேண்டும். கோடையிலும் மலைக்கோவிலின் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை அவசியம்.

நண்பகலை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் கோவில்கள் சாத்தியிருப்பது இத்தாலியில் சாதாரணம். காலை 9 முதல் 12 வரையிலும், பிற்பகல் 3.30க்கு மேலும் உள்ளே பார்க்கத் திட்டமிடுங்கள். இடைப்பட்ட நேரத்தை வெளிச்சுவருக்கு ஒதுக்குங்கள். பூட்டியிருந்தால் கதவிலோ அறிவிப்புப் பலகையிலோ கோவிலை நிர்வகிக்கும் பங்கு (பாரிஷ்) அலுவலகத்தின் தொலைபேசி எண் இருக்கிறதா பாருங்கள், பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். சிற்றூர்களில் சாவி கோவில்பிள்ளையிடமோ அருகில் குடியிருப்பவரிடமோ இருப்பது வழக்கம். திருப்பலி நடக்கும்போது சுற்றிப்பார்க்க வேண்டாம். முடிந்தபின் பூட்டுவதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்கள் பல சமயம் நல்ல வாய்ப்பு, விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும்.

கவனிக்கவேண்டிய ஒன்று: பள்ளத்தாக்கு இரண்டு மறைமாவட்டங்களுக்கு இடையே பிரிந்து கிடக்கிறது. ஸ்தியா, பிராதோவெக்கியோ, ரோமேனா உள்ளிட்ட மேல்பகுதி ஃபியேசோலே ஆயரின் கீழ் வருகிறது. பொப்பி, பிபியேனா, சொக்கானா இருக்கும் கீழ்ப்பகுதி அரெட்சோ ஆயரின் கீழ். திறக்கும் நேரமோ பழைய ஆவணமோ கேட்டு எழுதுகிறவர்கள் தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பது இதனால்தான்.

முதலில் அப்ஸ், கடைசியில் முகப்பு

வாகனத்தை விட்டு இறங்கியதும் கண் முகப்புக்குத்தான் போகும். அதைத் தாண்டிப் பின்பக்கம் போய்விடுங்கள். பலிபீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வெளியே புடைத்து நிற்கும் பகுதிக்கு 'அப்ஸ்' என்று பெயர். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கோவிலின் வயதை நம்பிக் கேட்கக்கூடிய இடம் அதுதான்.

காரணம் எளிது. கோவிலை வழிபாட்டுக்குச் சீக்கிரம் திறக்கவேண்டும் என்றால் பலிபீடம் இருக்கும் பகுதியை முதலில் முடிக்கவேண்டும். எனவே வேலை பெரும்பாலும் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்தது. நல்ல கல்லும் நல்ல கொத்தரும் முதலில் அங்கேதான் செலவானார்கள். பிற்காலத்தில் ஊருக்குப் பணம் வந்தபோது மாற்றிக் கட்டியது முகப்பை. நிலச்சரிவிலும் நில நடுக்கத்திலும் மேலே பிடிப்பில்லாத தட்டைச் சுவரான முகப்பு முதலில் விழும். வளைந்த அப்ஸ் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்.

ரோமேனாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். புனித பேதுருவின் பெயரிலுள்ள இந்தப் பியேவேயின் அப்ஸில் இரண்டு அடுக்குப் பொய்வளைவுகள் ஓடுகின்றன. சிறு தூண்களும் வளைவுகளும் சுவரோடு ஒட்டியவை, திறப்பு இல்லாதவை. கற்கள் நேர்த்தியாகச் சதுரித்தவை. இரண்டு கல்லுக்கு நடுவே சாந்துக்கோடு மெல்லியது. அப்படியே பக்கச்சுவர் வழியாக முகப்புக்கு நடந்து வாருங்கள். கல் சொரசொரப்பாகும், வரிசை குலையும். 1678இல் ஏற்பட்ட நிலச்சரிவில் முகப்பும் அதையடுத்த இரண்டு தூண்கண்களும் (தூணுக்குத் தூண் இடைப்பட்ட பகுதிகள்) போய்விட்டன, இப்போது இருப்பது குறுக்கிக் கட்டிய கோவில். 1729 நில நடுக்கத்திலும் கட்டிடம் அடிபட்டது. முகப்பை மட்டும் பார்த்துவிட்டு "எளிமையான கிராமக் கோவில்" என்று எழுதுகிறவர்கள் 17ஆம் நூற்றாண்டின் அவசர வேலையைப் பார்த்து 12ஆம் நூற்றாண்டுக்குத் தீர்ப்பு சொல்கிறார்கள்.

ஸ்தியாவில் இதே தவறு வேறு வடிவில் நடக்கும். சதுக்கத்தை ஒட்டிய விண்ணேற்பு அன்னை பியேவேயின் முகப்பு பிற்காலத்தது, சாதாரணமானது. பலர் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கதவைத் தள்ளி உள்ளே போனால் மூன்று கூடங்கள், ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள், அவற்றின் தலையில் சிற்பப் போதிகைகள். முகப்புக்கும் உள்ளுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்ஸ் கிழக்கு நோக்கியிருப்பதால் அதன் மேல் வெயில் காலையில் விழும். சூரியன் ஏறி ஒளி சுவரோடு சாய்ந்து வழுக்கும் நேரத்தில் உளித்தடமும் செதுக்கலும் எழுந்து தெரியும். பிற்பகலில் போனால் அந்தப் பக்கம் முழுக்க நிழல், படத்தில் எதுவும் விழாது. முகப்புக்கு மாலை சரியான நேரம்.

சுவரைப் படிப்பது

ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுவரைத் தேர்ந்தெடுத்துத் தரையிலிருந்து கண் எட்டும் உயரம் வரை நிதானமாகப் பாருங்கள். கேள்விகள் நான்குதான்: கல் எப்படி வெட்டியது, வரிசை எப்படி ஓடுகிறது, சாந்து எவ்வளவு தடிமன், எங்கே ஒட்டு தெரிகிறது.

பள்ளத்தாக்கின் கல் மணற்கல். புதிதாக வெட்டும்போது நீலச்சாம்பல்; காற்றும் மழையும் பட்டால் அதிலுள்ள இரும்பு துருவேறிப் பழுப்பாகும். ஒரே சுவரில் சாம்பல் கல்லும் பழுப்புக் கல்லும் கலந்திருந்தால் உடனே "இரண்டு காலம்" என்று முடிவுகட்டாதீர்கள்; ஒரே குவாரியின் வெவ்வேறு படுகையாகவும் இருக்கலாம். நிறத்தைவிட வெட்டு நம்பகமானது.

11ஆம் நூற்றாண்டின் தொடக்க வேலையில் கல் சிறியது, சுத்தியலால் உடைத்துச் சற்றே சரிசெய்தது, சாந்து தாராளம். 12ஆம் நூற்றாண்டு முன்னேற முன்னேறக் கல் பெரிதாகும், நன்றாகச் சதுரிக்கும், சாந்துக்கோடு சில மில்லிமீட்டராகக் குறையும். ஒரு வரிசைக்குள் எல்லாக் கல்லும் ஒரே உயரம் இருக்கும், ஆனால் அடுத்த வரிசையின் உயரம் வேறாக இருக்கலாம். இது பிழை இல்லை. குவாரிப் படுகையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுக்குக் கல் வெட்டி, ஒரே உயரக் கற்களைச் சேர்த்து ஒரு வரிசை முடித்தார்கள். எல்லா வரிசையும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே உயரமாக இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும், 20ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பு அப்படித்தான் இருக்கும்.

உளித்தடத்துக்கு டார்ச். சுவரோடு ஒட்டி, ஏறக்குறைய இணையாகப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பழைய கல்லில் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வழவழப்பான பட்டையும், நடுவில் கூர் உளி கொத்திய புள்ளிகளோ சாய்கோடுகளோ இருக்கும். ஒவ்வொரு கல்லிலும் கோட்டின் சாய்வு மாறும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் தரையில் வைத்துத் தனியாகச் செதுக்கினார்கள். கல் முழுக்க ஒரே சீரான குழிப்புள்ளிகள் என்றால் அது 'பொச்சார்தா' எனும் பல்முனைச் சுத்தியல், பிற்காலக் கைவேலை.

சுவரில் ஒழுங்கான இடைவெளியில் சதுரத் துளைகள் தெரியும். சிலர் அவற்றைப் புறாக்கூடு என்றும் அம்பு எய்யும் துளை என்றும் எழுதுகிறார்கள், அவை சாரத்துளைகள். கட்டும்போது குறுக்குக்கட்டை செருகி அதன்மேல் பலகை போட்டார்கள். ஒரே மட்டத்தில் ஓடும் துளைவரிசை ஒன்று சாரத்தின் ஒரு தளம். ஆள் நின்று வசதியாக வேலை செய்யும் உயரத்துக்கு ஒன்றாக மேலே மேலே வரும். அந்த மட்டம் திடீரென முறிந்து வேறு மட்டத்தில் தொடர்ந்தால், அந்த இடத்தில் வேலை நின்று, பின்னர் வேறு சாரம் கட்டித் தொடங்கியிருக்கிறார்கள் என்று பொருள். பக்கச்சுவரில் செங்குத்தாக ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை ஓடி, அதன் இருபுறமும் கல்வரிசை ஒன்றோடொன்று பின்னாமல் நின்றால் அதுவும் இரண்டு கட்ட வேலை. இந்த ஒட்டுக்கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வரலாறு கைக்கு வந்துவிட்டது.

வெளிச்சுவரில் இரும்புத் தகடோ குறுக்குக்கம்பியோ பதித்திருந்தால், உள்ளே கூடத்துக்குக் குறுக்கே இழுகம்பி ஓடுகிறது. இது பொதுவாகச் சுவர் வெளியே சாயத் தொடங்கியபின் போட்டது, முதல் கட்டுமானத்தின் பகுதியாக எண்ணவேண்டாம்.

திசையும் அளவும்

நடுக்கூடத்தின் மத்தியில், இரும்புக்கிராதியும் விளக்குக்கம்பமும் இல்லாத இடத்தில் நின்று அப்ஸின் நடுச் சாளரத்தை நோக்கித் திசைகாட்டியைப் பிடியுங்கள். வெளியே அப்ஸ் பக்கமிருந்து ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் ஐந்து பாகைக்குமேல் வித்தியாசம் வந்தால் அருகில் இரும்பு இருக்கிறது. இத்தாலியில் காந்த வடக்கு உண்மையான வடக்கிலிருந்து இப்போது சுமார் 3 முதல் 4 பாகை கிழக்கே விலகியிருக்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். துல்லியமான 90 பாகை அபூர்வம். விலகலை வைத்து "திருநாளன்று சூரியன் உதிக்கும் திசை" என்று கதை கட்டுவது சுலபம். மலைச்சரிவில் அடித்தளம் போட இடம் கிடைத்த திசை என்பதுதான் பல இடங்களில் போதுமான விளக்கம்.

அளவு எடுக்கும்போது தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையம் வரை எடுங்கள். விளிம்பிலிருந்து எடுத்தால் தூண் தடிமன் மாறும் இடத்தில் கணக்கு உதைக்கும். ஃபிளாரன்ஸின் 'பிராச்சியோ' அளவு 58.36 சென்டிமீட்டர். அதனால் வகுத்துப் பார்க்கலாம். ஆனால் 12ஆம் நூற்றாண்டு மலைக்கோவிலில் ஃபிளாரன்ஸ் அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முழு எண் வரவில்லை என்றால் வரவில்லை. இழுத்துப் பொருத்தாதீர்கள்.

உள்ளே: தூண், போதிகை, கல்வெட்டு

பெரிய பியேவேக்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். நடுக்கூடம், இருபுறம் தாழ்ந்த பக்கக்கூடங்கள், அவற்றைப் பிரிக்கும் தூண்வரிசையும் அரைவட்ட வளைவுகளும், மேலே மரச்சட்டக் கூரை. கல் கவிகை (வளைந்த கற்கூரை) அப்ஸின் மேல் மட்டும். மெல்லிய தூண்களின் மேல் நிற்கும் நடுச்சுவர், கவிகை பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்காது. அதனால்தான் கூடத்துக்கு மரம். இப்போது தெரியும் உத்தரங்களில் அதிகமும் மாற்றியவை.

போதிகைகளைக் கதவருகேயிருந்து வரிசையாகப் பாருங்கள், பைனாகுலரோடு. ஒவ்வொரு தூணையும் முழுச்சுற்று வரவேண்டும். நடுக்கூடத்தில் நின்று பார்த்துப் போகிறவர்கள் பக்கக்கூடத்தை நோக்கிய முகத்தைத் தவறவிடுகிறார்கள். ரோமேனாவில் நற்செய்தியாளர்களின் அடையாளங்களும், பேதுரு திறவுகோலைப் பெறும் காட்சியும் இருக்கின்றன. மற்ற போதிகைகளில் இலைக்கொத்து, மனிதத் தலைகள், விலங்குகள்.

போதிகைக்கு மேலுள்ள பலகையின் விளிம்புதான் ரோமேனாவின் பொக்கிஷம். ஒன்றில் "ஆல்பெரிக்குஸ் பிளெபானுஸ்", அதாவது பியேவானோ ஆல்பெரிக்கோ இந்த வேலையைச் செய்வித்தார் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் "தெம்போரே ஃபாமிஸ்", பஞ்சகாலத்தில், என்றும் ஆண்டும். ஆண்டு ரோம எழுத்தில் இருக்கும்: எம் என்றால் 1000, சி 100, எல் 50, கடைசி இரண்டு கோடும் 2, மொத்தம் 1152. எழுத்துகள் ஆழமில்லாதவை, மேல்விளக்கை மட்டும் போட்டால் மறைந்துவிடும். டார்ச்சைப் பக்கக்கூடத்திலிருந்து சாய்த்துப் பிடித்தால் எழும். சுண்ணாம்புக்கட்டி பூசியோ, தாள் வைத்துத் தேய்த்தோ படியெடுக்கக் கூடாது. இந்த மணற்கல் ஒவ்வொரு உரசலிலும் மணலாக உதிரும்.

இந்த ஆண்டு ஒரு பழங்கதையையும் தீர்த்துவைக்கிறது. டஸ்கனியை ஆண்ட கனோசாவின் மாத்தில்தே சீமாட்டி இந்தப் பியேவேக்களை ஒரே இரவில் எழுப்பினாள் என்று பள்ளத்தாக்கில் சொல்வார்கள். அவர் இறந்தது 1115இல். கதையைக் கதையாகக் கேளுங்கள்; குறிப்பில் "மாத்தில்தே கட்டியது" என்று எழுதாதீர்கள்.

ரோமேனாவின் பலிபீடப் பகுதிக்குக் கீழே இதற்கு முந்தைய கோவில் ஒன்றின் அடித்தளம் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. கீழே அனுமதிக்கிறார்களா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். 1991 முதல் ஒரு கிறிஸ்தவ சகோதரக் குழு இங்கே இயங்குகிறது. ஞாயிறு நாட்களில் கூட்டம் சேரும், தூண்களைச் சுற்றி அளவெடுக்க வார நாளே ஏற்றது.

ஸ்தியாவில் உள்ளே போனால் அந்த்ரேயா தெல்லா ரொப்பியா செய்த அன்னையும் குழந்தையும், பிச்சி தி லொரென்சோ 1414இல் தீட்டிய மங்களவார்த்தை (மரியாவுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சி) ஓவியமும் இருக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் ரொப்பியா குடும்பத்தின் மெருகிட்ட சுடுமண் சிற்பங்கள் அடிக்கடி எதிர்ப்படும். லா வெர்னா மலையில் அவை குவிந்து கிடக்கின்றன. மலைக்கோவிலின் ஈரத்தில் மரத்தட்டி ஓவியம் வளையும், சுவரோவியம் உப்புப் பூக்கும். கண்ணாடி மெருகு பூசிய சுடுமண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சொக்கானா: பின்பக்கத்துக்கு இன்னொரு பரிசு

ரஸ்ஸீனா அருகே சொக்கானாவிலுள்ள புனித அந்தொனீனோ பியேவேயில் அப்ஸுக்குப் பின்னால் போவது கட்டாயம். அங்கே தரையில் நீள்சதுரமாக, அடித்தட்டுகள் வெட்டி அழகாக விளிம்பிட்ட கல்மேடை ஒன்று கிடக்கிறது. ரோமருக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் செய்த பலிபீடம் அது. அதைச் சேர்ந்த எத்ருஸ்கக் கோவிலின் இடத்தில்தான் பியேவே நிற்கிறது. பழைய பலிபீடம், அதற்கு அப்பால் கிறிஸ்தவ அப்ஸின் சுவர் என இரண்டும் ஒரே படத்தில் விழும்படி கிழக்கே நின்று எடுங்கள். மணிக்கூண்டையும் விட்டுவிடாதீர்கள்: அடிப்பகுதி வட்டம், மேல்பகுதி அறுகோணம். இரண்டும் ஒரே நாளில் திட்டமிட்டவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வட்டம் அறுகோணமாக மாறும் வரிசையைப் பைனாகுலரில் பார்த்து, கல்லின் வெட்டும் சேர்ந்து மாறுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எது கெடுகிறது, ஏன்

சுவரின் கீழ் ஒன்று ஒன்றரை மீட்டரில்தான் சேதம் அதிகம். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உப்பைச் சுமந்துவரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, கல்லின் மேல்தோலைத் தாள்தாளாக உரிக்கும். கல்லைக் குவாரியில் படுத்திருந்தபடியே கிடையாக வைத்திருந்தால் சேதம் மெதுவாக நடக்கும். படுகை செங்குத்தாக வரும்படி நிறுத்தி வைத்த கல் முழுமுகமாகக் கழன்று விழும். ஒரே வரிசையில் ஒரு கல் மட்டும் குழியாகி, இருபுறத்துக் கற்களும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

இன்னும் மோசமான காட்சி ஒன்று உண்டு: சாந்துக்கோடு வெளியே துருத்திக்கொண்டு, கல் உள்ளே அரிக்கப்பட்டிருக்கும். சுண்ணச்சாந்து இருந்த இடத்தில் சிமெண்டை அடைத்ததன் விளைவு. சிமெண்ட் நீரை வெளியே விடாது, கல்லைவிடக் கடினம். ஈரம் கல் வழியாகவே போகவேண்டியதாகி, கல் கரைகிறது. இப்படிப்பட்ட சுவரில் சாந்துக்கோட்டின் தடிமனை வைத்துக் காலம் கணிக்கவே கூடாது, தெரிவது சீரமைத்தவரின் கோடு.

உள்ளே வெறும் கல்லாகப் பளிச்சென்று தெரியும் கோவில்களிலும் எச்சரிக்கை வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் பல கோவில்களில் பரோக் (17, 18ஆம் நூற்றாண்டுகளின் அலங்காரப் பாணி) காலப் பூச்சையும் பக்கபீடங்களையும் நீக்கி, "இடைக்காலத் தோற்றத்துக்கு" திருப்பினார்கள். இடைக்காலத்தில் உட்சுவர்கள் பூசியும் வண்ணம் தீட்டியும் இருந்திருக்கலாம். நமக்குப் பிடித்த வெறுங்கல் அழகு பாதி நவீன ரசனை. பூச்சு ஒட்டுவதற்காகக் கல்லில் கொத்திய சிறு கொத்துக்குழிகள் ஒழுங்கில்லாமல் சிதறித் தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் பூச்சு இருந்திருக்கிறது.

ஆவணத்தை வைத்துச் சரிபார்க்க

ஒரு சிற்றாலயம் எந்தப் பியேவேக்குக் கட்டுப்பட்டிருந்தது என்று அறிய, திருத்தந்தையின் காணிக்கைக் கணக்குகள் உதவும். டஸ்கனிக்கு 1274-1280, 1295-1304 ஆகிய இரண்டு தொகுதிக் கணக்குகள் அச்சில் கிடைக்கின்றன, பெரிய நூலகங்களில் இருக்கும். அவற்றில் பெயர் இருந்தால் அந்த ஆண்டுகளில் அந்தக் கோவில் இயங்கியது உறுதி. இல்லாவிட்டால் அப்போது கோவில் இல்லை என்று பொருளல்ல, வசூல் குறைவால் விட்டுப்போயிருக்கலாம். ஃபிளாரன்ஸ் ஆவணங்களில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது, 1749 வரை. ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிக்கு ஒரு ஆண்டு கூட்டினால்தான் நம் கணக்கு வரும். ஆவணத்தில் முதலில் பெயர் வரும் ஆண்டை, இப்போது நிற்கும் கட்டிடத்தின் ஆண்டாக எழுதுவது இந்தத் துறையின் நிரந்தர நோய்.

வழி

அரெட்சோவிலிருந்து ஸ்தியா வரை ஒற்றைத்தட ரயில் பாதை ஒன்று, சுமார் 45 கிலோமீட்டர், ஆற்றோரமாகவே போகிறது. முதல் நாள் காலை ரஸ்ஸீனாவில் இறங்கி, ஏறக்குறைய அரைமணி நடந்து சொக்கானா பாருங்கள், பிற்பகல் பொப்பி. அங்கே மேட்டிலுள்ள சான் ஃபெதேலே, வல்லொம்புரோசா துறவியரின் மடக்கோவில். அது பியேவே அல்ல. பக்கக்கூடங்கள் இல்லாமல் ஒற்றைக் கூடமாக இருக்கும். மூன்று கூடப் பியேவேக்களுக்கு நடுவில் ஒப்பிட நல்லது. இரண்டாம் நாள் முதல் ரயிலில் பிராதோவெக்கியோ. அங்கிருந்து ரோமேனாவுக்கு ஏற்றமான 3 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். அப்ஸின் மேல் வெயில் இருக்கும்போதே சேர்ந்துவிடவேண்டும். இறங்கிவந்து மாலையில் ஸ்தியா. ஞாயிறுகளில் ரயில் குறையும், முந்தின நாளே அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

மற்றவற்றுக்குக் கார் வேண்டும். ஸ்திராதா அருகே புனித மார்ட்டினின் வாதோ பியேவேயும், அதற்கு மேலே மொந்தெமிஞ்ஞாயோவும் ஒரே அரை நாளில் முடியும். ரோமேனாவின் போதிகைகளைப் பார்த்த கண்ணோடு போனால் குடும்பச் சாயல் தெரியும். எனவே இவற்றை ரோமேனாவுக்குப் பிறகு வையுங்கள். பதியா பிரதாலியாவில் மேல்கோவிலைக் கண்டுகொள்ளாமல் நிலவறைக்குப் போங்கள், 11ஆம் நூற்றாண்டின் தொடக்க வேலை, குட்டித்தூண்கள். கமால்தோலியில் புனித ரொமுவால்தோ 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தபோவனம் மேலே, மடம் சுமார் 3 கிலோமீட்டர் கீழே. இரண்டுக்கும் இடமும் நேரமும் வேறு. கோவிலின் உட்புறம் பரோக், ஏமாற வேண்டாம். லா வெர்னா, 1213இல் ஓர்லாந்தோ பிரபு புனித பிரான்சிஸுக்குக் கொடுத்த பாறைமலை. அங்கே முதலில் பார்க்கவேண்டியது பெரிய பசிலிக்கா அல்ல, அதன் பக்கத்தில் ஒதுங்கியிருக்கும் சிறிய வானதூதர்களின் அன்னை ஆலயம்.

ஆகஸ்ட் 15 விண்ணேற்புத் திருநாள். ஸ்தியாவிலும் மொந்தெமிஞ்ஞாயோவிலும் அது கோவில் திருவிழா, அன்றைக்கு அளவுநாடாவை வெளியே எடுக்கவேண்டாம். ஃபிளாரன்ஸிலிருந்து கொன்சூமா கணவாய் வழியாக வருகிறவர்கள் சுமார் 1,000 மீட்டர் உயரத்தைக் கடக்கவேண்டும். பலகை வைத்த சாலைகளில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரோ, வண்டியில் பனிச்சங்கிலியோ சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார் எடுக்கும்போதே டயரைக் குனிந்து பார்த்துவிடுங்கள்.